கத்தரியும் நிழற்படமும்



மாணவர் செய்யும் பிழைகளைத் திருத்துவது ஆசிரியரின் தொழில். முப்பதாண்டுகளுக்கு மேல் புதுவைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்த நான் அத்தொழிலைக் குறைவறச் செய்தேன் என்றே நம்புகிறேன். ஆனால், என் பிழையை மாணவர் இருவர் திருத்திய நாள் ஒன்று உண்டு. அந்நாளில் நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் இல்லத்துக் கூடத்தில் பழைய நிழற்படம் ஒன்று தொங்குகிறது. நடுவில் என் தந்தையின் தாயார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். எங்கள் வீட்டு வழக்கில் அவரை 'ஆயா' என்போம். அவருக்கு ஒரு பக்கத்தில் கோட்டும் தொப்பியும் அணிந்து என் தாத்தா நிற்கிறார். மறுபக்கத்தில் சிறுவனாக என் தந்தை நிற்கிறார். படத்தின் பின்புறம் 1951 என்று பென்சிலால் எழுதியிருக்கிறது.

தாத்தா சைகோன் நகருக்குப் பிழைக்கச் சென்றவர். புதுவை பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த காலத்தில் இங்கிருந்து இந்தோசீனத்திற்குக் கப்பலேறியோர் பலர். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் மரபுவழிக் குடிமுறைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள், அங்கே அரசுப் பணிகளில் அமர்ந்தார்கள். அவ்வாறு துறவாதவர்களும் வணிகர்களாகவும் கணக்கர்களாகவும் சென்றார்கள். தாத்தா கணக்கராகச் சென்றார். அங்கேயே காலமானார் என்று மட்டுந்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

வரலாற்றைப் பாடநூலிலிருந்து மட்டும் கற்பித்தல் ஆகாது. கண்முன் உள்ள சான்றுகளைக் காட்டிக் கற்பித்தல் வேண்டும் என்பது எனக்கு ஆசிரியப் பயிற்சியில் ஊட்டப்பட்ட கொள்கை. ஆதலால், கடல் கடந்த புதுவைத் தமிழரைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அப்படத்தை வகுப்புக்கு எடுத்துச் செல்வேன். "இதோ, சைகோனிலிருந்து 1951இல் விடுப்பில் வந்த ஒருவர், தம் குடும்பத்துடன் எடுத்துக்கொண்ட படம்" என்பேன். ஒருவரும் மறுத்ததில்லை.

1996ஆம் ஆண்டில் ஒரு நாள் அவ்வாறே படத்தை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். முன்வரிசை மாணவன் ஒருவன் நெடுநேரம் அதைத் திருப்பித் தரவில்லை. "ஐயா, தாத்தாவின் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுகிறது. ஆயாவின் மூக்கு நிழல் இடப்பக்கம் விழுகிறது. ஒரே அறையில் இருவருக்கும் வேறு வேறு சன்னலா?" என்றான். வகுப்பு சிரித்தது. நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஐயா, தாத்தா பக்கத்தில் நிற்கும்போது ஆயாவின் நெற்றியில் ஏன் பொட்டு இல்லை?" என்றாள்.

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. பிறந்த நாள்தொட்டு நான் கண்ட படம் அது. அந்த வெறும் நெற்றியை அன்றுவரை நான் கண்டதில்லை.

அன்று மாலை என் தந்தையிடம் கேட்டேன். அவர் சொன்னதைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன், நிழற்படத்தை வெட்டி ஒட்டும் கலையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அதனை அறிந்தால்தான் என் ஆயாவின் படம் உங்களுக்கு முழுமையாக விளங்கும்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. தகேர் என்பவர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவைப் பதிக்கும் முறையைக் கண்டிருந்தார். பிரெஞ்சு அரசு அம்முறையைப் பெற்று உலகுக்கு வழங்கியது. "இனிக் கதிரவனே ஓவியன், கதிரவன் பொய் சொல்லான்" என்ற எண்ணம் மக்களிடையே பரவியது. ஆனால், இருபது ஆண்டுகள் கடப்பதற்குள் கதிரவனின் ஓவியத்தில் மனிதனின் கத்தரி புகுந்துவிட்டது.

1857ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த ரெய்லாண்டர் என்ற கலைஞர் ஒரு பெரும்படத்தைக் காட்சிக்கு வைத்தார். நல்வழியும் தீவழியும் ஆகிய இரு வாழ்க்கை நெறிகளைக் காட்டும் படம் அது. அதில் தோன்றும் மாந்தர் அனைவரும் ஒருங்கு நின்று எடுத்துக்கொண்டவர் அல்லர். முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவுகளைத் தனித்தனியே எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தாளில் அச்சிட்டுச் சேர்த்தார் அவர். விக்டோரியா அரசியார் அதன் படி ஒன்றை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டில் ராபின்சன் என்பவர், நோயுற்ற இளம்பெண் ஒருத்தி உறவினர் சூழ உயிர் நீங்கும் காட்சியை ஐந்து நெகட்டிவுகளைக் கொண்டு அமைத்தார். கண்டோர் கலங்கினர். சாகும் பெண்ணாக நடித்தவளோ நல்ல உடல்நலத்துடன் இருந்தாள்! ஓவியன் கற்பனையில் வரைந்தால் பாராட்டும் மக்கள், நிழற்படக்காரன் கற்பனை செய்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்கின்றனர். இதனை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் செல்வக் குடும்பத்துப் பெண்மணிகள், உறவினரின் சிறு நிழற்படங்களைக் கத்தரித்துத் தாம் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் ஒட்டி மகிழ்ந்தார்கள். வாத்தின் உடலில் மாமனின் தலையும், விசிறியின் மடிப்புகளில் தோழியரின் முகங்களும் இடம்பெற்றன. அது வெறும் பொழுதுபோக்கு. ஆனால், பொழுதுபோக்கிற்குப் பயன்பட்ட கத்தரியே விரைவில் அரசியலுக்கும் பயன்பட்டது.

1871ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மக்கள் கிளர்ந்தெழுந்து 'கொம்யூன்' என்னும் ஆட்சியை அமைத்தனர். இரண்டு மாதங்களுக்குச் சற்றே மேற்பட்டு நின்ற அவ்வாட்சி இரத்த வெள்ளத்தில் வீழ்ந்தது. அதன்பின் அப்பேர் என்ற நிழற்படக்காரர், கிளர்ச்சியாளர் செய்த கொலைகள் என்று சில படங்களை விற்றார். உண்மையில் அவர் கூலிக்கு ஆட்களை அமர்த்தி, நிகழ்ச்சி நடந்த இடங்களில் நிற்கவைத்துப் படம் பிடித்தார். பின்னர்க் கைதிகள் முதலானோரின் முகப்படங்களை அவ்வுடல்களின்மேல் ஒட்டி, மீண்டும் படம் பிடித்தார். வாங்கியவர்கள் நேரிற் கண்டதுபோல் நம்பினார்கள். நடந்த கொலைகள் உண்மை. ஆனால், விற்ற படங்கள் அவற்றைக் கண்ட படங்கள் அல்ல. மெய்யையும் பொய்யையும் பசையால் இணைத்துவிட்டால் பிரித்தறிவது எத்துணைக் கடினம் பாருங்கள்!

'பசையால் இணைப்பது' என்றேன். இக்கலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் 'கொலாஜ்' என்பது. புதுவையில் பிரெஞ்சு கற்ற பெரியோருக்கு அதன் பொருள் உடனே விளங்கும். பிரெஞ்சில் 'கொல்' என்றால் பசை. தமிழ்ச் செவிக்கு அச்சொல் அச்சந் தருவதாயினும், அங்கே அது சேர்ப்பதையே குறிக்கிறது! 1912ஆம் ஆண்டில் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்திரையில் அச்சிட்ட துணியையும் தாளையும் ஒட்டத் தொடங்கினர். அதுமுதல் ஒட்டுதல் என்பது உயர்ந்த கலையின் முறைகளுள் ஒன்றாயிற்று.

முதல் உலகப்போரின் முடிவில் தோல்வியுற்ற செருமனியில் இம்முறை நிழற்படத்தோடு கைகோத்தது. பெர்லின் நகரில் 'தாதா' என்ற இயக்கத்தைச் சேர்ந்த இளங்கலைஞர்கள், செய்தித்தாள்களிலும் கிழமை இதழ்களிலும் வந்த நிழற்படங்களைக் கத்தரித்து, அரசியல்வாதியின் தலையை ஆடற்பெண்ணின் உடலோடும், எந்திரச் சக்கரத்தைப் படைத்தலைவனின் மார்போடும் பொருத்தினர். அவர்களுள் அன்னா ஹோஹ் என்ற பெண்மணி சிறந்தவர். அடுக்களைக் கத்தி என்ற சொல்லைத் தலைப்பிலேயே கொண்ட பெரிய ஒட்டுப்படம் ஒன்றை அவர் 1919-20இல் ஆக்கினார். ஆடவர் நடத்திய அரசியலைப் பெண்ணொருத்தி அடுக்களைக் கத்தியால் கூறுபோட்டாள் என்பதே அத்தலைப்பின் குறிப்பு.

அக்குழுவைச் சேர்ந்த மற்றொருவர் ஜான் ஹார்ட்பீல்டு. செருமானியராகிய இவர், ஆங்கிலேயர்மீது வெறுப்பு மூட்டப்பட்ட போர்க்காலத்தில், அவ்வெறுப்பைக் கண்டிக்கும் பொருட்டுத் தம் பெயரையே ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர். 1932ஆம் ஆண்டில் இவர் அமைத்த படம் ஒன்றில் இட்லர் மேடையில் முழங்குகிறார். அவர் மார்பு எக்ஸ்கதிர்ப் படமாகத் தெரிகிறது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்திலே பொற்காசுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்வர்களின் பணமே இட்லரின் முதுகெலும்பு என்பதைப் படிப்பறியாதவனுக்கும் உணர்த்தியது அப்படம். மறு ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வந்தவுடன், ஹார்ட்பீல்டு உயிர் தப்பிப் பிராகா நகருக்கு ஓட நேர்ந்தது. தாளும் பசையும் எத்துணை வலிமை உடையன என்பதை அவர் எதிரிகள் நன்கு அறிந்திருந்தார்கள்!

இங்கே இரண்டு கத்தரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹார்ட்பீல்டின் படத்தைப் பார்க்கும் எவரும் அது ஒட்டிய படம் என்பதை உடனே அறிவர். அவர் ஒட்டை மறைக்கவில்லை. ஒட்டின் வழியாகவே பேசினார். சோவியத்து நாட்டிலோ வேறு வகைக் கத்தரி வேலை செய்தது. மாஸ்கோக் கால்வாயின் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் காவல்துறைத் தலைவர் எழோவ் நிற்கும் 1937ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. எழோவ் பதவியிழந்து 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டபின், அப்படத்தில் அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீரே தெரிந்தது. அங்கே ஒட்டு முழுதும் மறைக்கப்பட்டது. முன்னது கலை; பின்னது மோசடி. இரண்டிற்கும் கருவி ஒன்றே.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் நிழற்படக் கழகம் 1856ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அடுத்த ஆண்டுகளில் லினியஸ் டிரைப் என்பவர் அரசின் நிழற்படக்காரராக மதுரை, தஞ்சை, திருவரங்கம் ஆகிய ஊர்களின் கோயில்களைப் படம் பிடித்தார். ஆனால், நம் கலைஞர்கள் நிழற்படத்தை ஓவியத்திற்குப் பகையாகக் கருதவில்லை. இராசபுதனத்தின் நாததுவாரத்தில் கண்ணன் திருமுன் அடியார் கைகூப்பி நிற்கும் ஓவியங்களைத் தீட்டும் மரபு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி, அங்குள்ள ஓவியர்கள் அடியாரின் முகத்தை மட்டும் நிழற்படத்திலிருந்து வெட்டி ஒட்டி, உடலையும் உடையையும் இறைவனையும் வண்ணத்தால் எழுதினர். இறைவன் ஓவியம், மனிதன் நிழற்படம். இருவரும் ஒரே தாளில் சந்தித்தனர்! கொலாஜ் என்ற சொல் நம் நாட்டிற்கு வருமுன்னரே அதன் செயல் இங்கே நடைபெற்றிருக்கிறது.

நம் காலத்திலும் இம்மரபு உயர்ந்த கலையாக மலர்ந்தது. புகழ்பெற்ற ஓவியர் அமிர்தா சேர்கில் 1941ஆம் ஆண்டில், இருபத்தெட்டே வயதில் மறைந்தார். அவர் தந்தையார் உம்ராவ் சிங் நிழற்படக் கலையில் வல்லவர். தம் குடும்பத்தாரைப் பல ஆண்டுகள் படம் பிடித்தவர். அவருடைய பேரரும் அமிர்தாவின் தங்கை மகனுமாகிய விவான் சுந்தரம், அப்பழைய படங்களைக் கணிப்பொறியின் துணையால் ஒன்றோடொன்று இணைத்து, 2001, 2002ஆம் ஆண்டுகளில் புதிய படங்களின் தொகுதி ஒன்றை ஆக்கினார். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட உருவங்கள் அவற்றில் ஒரே அறையில் கூடுகின்றன. பிரிந்த குடும்பத்தைப் பேரன் ஒருவர் மீண்டும் ஓரிடத்தில் கூட்டிவைத்தார் எனலாம்.

பெருங்கலைஞர் செய்ததையே நம் ஊர்ச் ஸ்டுடியோக்காரர்களும் தம் அளவில் செய்துவந்தனர். இறந்தவரையும் இருப்பவரையும், தொலைவில் உள்ளவரையும் வீட்டில் உள்ளவரையும் ஒரே படத்தில் சேர்த்துத் தருவது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. அதன் முறையைச் சொல்கிறேன். முதலில், இருப்பவர்களைத் திரைச்சீலையின் முன் நிறுத்தி, சேர்க்க வேண்டியவருக்கு இடம் விட்டுப் படம் எடுப்பர். பின்னர், பழைய படத்திலிருந்து மற்றவரின் உருவத்தை அளவொத்த படியாக எடுத்து, கூரிய கத்தியால் ஓரம் பிசகாமல் வெட்டுவர். வெட்டிய தாளின் விளிம்பைப் பின்புறமாக உப்புத்தாளால் தேய்த்து மெல்லிதாக்குவர். தடித்த விளிம்பு நிழல் விழச்செய்து ஒட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் அன்றோ! பசையிட்டு ஒட்டியபின், சேர்ந்த இடத்தைத் தூரிகையால் சாம்பல் வண்ணந் தீட்டி மறைப்பர். இதனை அவர்கள் 'டச்சிங்' என்பர். இறுதியில் முழுவதையும் மீண்டும் படம் பிடித்துப் புதிய நெகட்டிவ் எடுப்பர். அதிலிருந்து அச்சிட்ட படத்தைத் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் இராது. வெட்டையும் ஒட்டையும் மறைக்கலாம். வெளிச்சத்தின் திசையை மாற்றுவதுதான் அரிது. என் மாணவன் கண்டுபிடித்தது அதனைத்தான்.

இனி, அன்று மாலை என் தந்தை சொன்னதைக் கேளுங்கள்.

தாத்தா 1939ஆம் ஆண்டில் கப்பலேறினார். அப்போது ஆயா கருவுற்றிருந்தார். 1940 சனவரியில் என் தந்தை பிறந்தார். சைகோனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த தம் படம் ஒன்றைத் தாத்தா அஞ்சலில் அனுப்பியிருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் புதுவையின் ஆளுநர் போன்வேன், தெகோல் தலைமையிலான விடுதலைப் பிரான்சின் பக்கம் சேர்ந்தார். இந்தோசீனமோ எதிர்ப்பக்கத்தில் நின்றது. சப்பானியப் படையும் அங்கே புகுந்தது. கடிதங்கள் நின்றன. போர் முடிந்தபின் வந்த முதற் கடிதம், தாத்தா போர்க்காலத்திலேயே காய்ச்சலால் இறந்துவிட்ட செய்தியைக் கொண்டுவந்தது. பெற்ற மகனை அவர் கண்டதே இல்லை.

1951ஆம் ஆண்டில், பதினொரு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியடியில் வைத்திருந்த அந்தச் சைகோன் படத்தையும் எடுத்துக்கொண்டு, அந்நாளில் துய்ப்ளே வீதி என வழங்கிய இன்றைய நேரு வீதிக்கு அருகில் இருந்த ஒரு ஸ்டுடியோவிற்கு ஆயா சென்றார். மூவரையும் சேர்த்துப் படம் வேண்டும் என்றார். ஸ்டுடியோக்காரர் நல்லவர். "அம்மா, ஐயா பக்கத்தில் நிற்கப்போகிறார். நெற்றியில் ஒரு பொட்டும் எழுதிவிடட்டுமா? சேலையின் வெண்மையையும் மாற்றிவிடலாம். பார்க்க நன்றாக இருக்கும்" என்று கேட்டார். ஆயா மறுத்துவிட்டார். "அவர் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அவரைச் சேர்க்கச் சொல்கிறேன். என்னை மாற்ற வேண்டாம்" என்றாராம்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவர் சொன்ன சொல்லில் ஒரு வரலாற்றாசிரியனின் நேர்மை இருப்பதை நான் உணர்ந்தேன். தாத்தா உயிரோடு வந்து நின்றார் என்று உலகை நம்பவைக்க ஆயா விரும்பவில்லை. தந்தையும் மகனும் ஒருமுறையேனும் ஒரே சட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்றே விரும்பினார். அதே வேளையில், தம் கைம்மையை அவர் மறைக்கவும் இல்லை. படத்தைப் பார்ப்பவன் கண்ணைத் திறந்து பார்த்தால் உண்மை அதிலேயே இருந்தது. பொய் சொன்னது படம் அன்று. "விடுப்பில் வந்தபோது எடுத்த படம்" என்று ஆண்டுதோறும் கதை கட்டிய நான்தான்.

மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அம்மாணவனையும் மாணவியையும் எழுந்து நிற்கச் சொல்லி நன்றி கூறினேன். அன்று நான் கற்பித்த பாடத்தைப் போல் என் வாழ்நாளில் வேறொன்றைக் கற்பித்ததில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? எழுதியவர் யார், எவருக்கு நெருக்கமானவர், எதைக் கண்டு எழுதினார், எதைக் கேட்டு எழுதினார் என்று வினவுகிறோம். எழுத்தைக் கண்டால் வினவும் நாம், படத்தைக் கண்டால் மட்டும் ஏன் வாய்மூடி நம்புகிறோம்? படத்தை எடுத்தவர் யார்? எவர் பொருட்டு எடுத்தார்? சட்டத்திற்கு வெளியே விட்டது என்ன? உள்ளே சேர்த்தது என்ன? இவ்வினாக்களை எழுப்பப் பழகுங்கள்.

1950ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் புதுவைக்கு வந்து அரவிந்தரைப் படம் பிடித்தார். தாம் எடுத்த படத்தின் ஓரத்தைப் பிறர் சிறிதளவு வெட்டுவதையும் விரும்பாதவர் அவர். மறு ஆண்டில் அதே ஊரில், பெயர் தெரியாத ஸ்டுடியோக்காரர் ஒருவர் வெட்டி ஒட்டி என் குடும்பத்தை ஒன்று சேர்த்தார். இருவரையும் நான் மதிக்கிறேன். ஒருவர் கண்டதைக் காத்தார். மற்றவர் காண முடியாததைக் காட்டினார். இருவரும் பிறரை ஏமாற்றவில்லை.

நம் ஊரில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் நிழற்படங்களை ஒரு லட்சத்திற்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டுக்குப் பின், அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த குடும்பப் படங்களையும் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் எண்மமாக்கிக் காத்தனர். கோயிற் சிற்பத்தைப் போலவே குடும்பப் படமும் வரலாற்றுச் சான்று என்பது இதனால் விளங்கும். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கரையானுக்கு இரையாகும் படங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் யார் என்பதைச் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, மெல்லிய பென்சிலால் பின்புறம் எழுதி வையுங்கள்.

இன்று கத்தரியும் வேண்டா, பசையும் வேண்டா. கைப்பேசி வைத்திருக்கும் சிறுவன் எவர் தலையையும் எவர் உடலிலும் ஒரு நொடியில் பொருத்திவிடுகிறான். செயற்கை நுண்ணறிவு, நிழலின் திசையைக்கூடப் பிழையின்றி அமைத்துவிடும். என் மாணவன் கண்ட குறை இனி எல்லாப் படங்களிலும் அகப்படாது. ஆகவே, கண்ணால் மட்டும் பார்த்துப் பயனில்லை. இதனை ஏன் செய்தார், என்னை எதனை நம்பச் சொல்கிறார் என்று அறிவாலும் பார்க்க வேண்டும். நீங்களே படங்களை இணைக்கும் வேளையில், என் ஆயாவின் சொல்லை நினைவிற் கொள்ளுங்கள். அன்பினால் ஒன்றைச் சேர்க்கலாம். உண்மையை மாற்ற வேண்டாம்.

எங்கள் கூடத்தில் அப்படம் இன்றும் தொங்குகிறது. பின்புறத்தில் இருந்த 1951 என்ற எண்ணுக்குக் கீழே, தாத்தா சைகோனிலும் ஆயாவும் மகனும் புதுவையிலும் எடுத்துக்கொண்ட படங்களின் சேர்க்கை என்று நானே எழுதியிருக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் அதனைப் படித்துவிட்டு, படத்தைத் திருப்பி, மூக்கின் நிழல்களைத் தேடிப் பார்க்கிறார்கள்.